ஏகாம்பரத்தின் முதுகு

“பெருசா கீதே, அந்த மூணாவது தட்டுல, அதுதானா சிஸ்டர்?”

கஸ்தூரியம்மா கண்ணாடி ஜன்னலில் நெற்றி படும்படி நின்றுகொண்டு கேட்டார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எங்கள் தோல் வங்கியின் ஃப்ரிட்ஜ். அதற்கும் கண்ணாடிக் கதவுதான். உள்ளே வரிசையாக அகலவாய் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் கிளிசரினில் ஊறிக்கொண்டிருக்கும் வெள்ளைச் சுருள்கள். இறந்துபோனவர்களின் தோல். அதில் ஏதோ ஒன்றில் கஸ்தூரியம்மாவின் கணவர் ஏகாம்பரத்தின் முதுகுத் தோல் இருந்தது. எதில் என்று எனக்குத் தெரியும், ஆனால் சொல்லக் கூடாது.

“பாட்டில்ல நம்பர் மட்டும்தாம்மா இருக்கும். பேர் இருக்காது.”

“நம்பரு கெடக்குது. அவரு முதுகு எம்மாம் அகலம் தெரியுமா? சின்ன பாட்டில்ல எல்லாம் அடங்காது. அதுதான்.”

அவராகவே முடிவு கட்டிவிட்டார். அது வேறு யாருடையதோ. ஏகாம்பரம் அதற்குக் கீழ்த் தட்டில் ஓரமாக, இரண்டு நடுத்தர பாட்டில்களில் இருந்தார். கஸ்தூரியம்மாவின் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, சம்பந்தமில்லாத அந்தப் பெரிய பாட்டிலையே மறுபடியும் பார்த்துக்கொண்டு நின்றார்.

பல வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒருவர் இப்படி ஏங்கிப்போய் நிற்பதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எந்த பேங்க், எந்த பிராஞ்ச்?

போன வாரம் இந்தத் தொடரில், நான் தோல் வங்கிக்கு மாற்றலாகி வந்த பழைய கதையை எழுதியதும், தெரிந்தவர்கள் பலர் விளக்கம் கேட்டார்கள். இதொன்றும் புதிதில்லை. பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவுக்குள் பாதிப் பேர் இன்னமும் நான் பேங்க் உத்தியோகம் பார்ப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காரணம் என் வீட்டுக்காரர். “அவ பேங்க்ல இருக்கா” என்று சொல்லிவிட்டு, எதிராளியின் முகத்தில் மரியாதை கூடுவதைப் பார்த்து ரசிப்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு.

ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு உடம்பில் பெரும்பகுதி வெந்துவிட்டால், மூடுவதற்குத் தோல் வேண்டும். அவருடைய தொடையிலிருந்தே மெல்லிசாகச் சீவி எடுத்துப் புண்ணில் வைப்போம். தன் தோல்தான் ஒட்டும், நிலைக்கும். ஆனால் வேகாமல் மிச்சமிருப்பது கையளவு என்றால் என்ன செய்வது? அந்தக் கையளவை ஒரு இயந்திரத்தில் விட்டு வலைபோலக் கண்கண்ணாக விரிப்போம். விரித்த வலைக்கு மேல், இறந்தவர் ஒருவரிடமிருந்து எடுத்த தோலைப் போர்வையாகப் போடுவோம். அது நிரந்தரமில்லை. சில வாரங்களில் அந்த உடம்பே அதை உதிர்த்துவிடும். அதற்குள் அடியில் இருக்கும் சொந்தத் தோல் பரவி ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். போர்வை இருக்கும்வரை வலி குறையும், சீழ் பிடிக்காது, நோயாளி கொஞ்சம் தூங்குவார்.

அந்தப் போர்வையை வாங்கி, சுத்தம் செய்து, பாதுகாத்து, ஆபரேஷன் அன்றைக்குத் தயார் செய்து கொடுப்பதுதான் என் வேலை. லோன் கிடையாது.

வாழையிலைக் காலம்

இந்த வங்கியெல்லாம் வருவதற்கு முன், வேறொரு ஆஸ்பத்திரியில், தீக்காய வார்டில் நான் புதிதாகச் சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. புண்ணை மூட எங்களிடம் அப்போது இருந்தது வாழையிலை.

சிரிக்காதீர்கள். வாழையிலையைத் துடைத்து, துணியில் ஒட்டி, ஆவியில் வைத்துக் கிருமி நீக்கி, வெந்த இடத்தின் மேல் போடுவோம். துணிக் கட்டைப் பிரித்தால் புண்ணோடு ஒட்டிக்கொண்டு சதையையும் சேர்த்து இழுக்கும். இலை வழுவழுவென்று கழன்று வந்துவிடும். கட்டு மாற்றும் நேரத்தில் வார்டில் எழும் அலறல் அந்த இலையால் பாதியாகக் குறைந்தது.

மார்பு முழுக்க வெந்துபோன ஒரு ஓட்டல் சமையல்காரர், நான் இலையைப் பரப்பும்போது சொல்வார்: “எலையப் போட்டுட்டீங்க சிஸ்டர், அப்படியே ஓரத்துல கொஞ்சம் ஊறுகாயும் வச்சிருங்க.” பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். பக்கத்துக் கட்டில்காரர், “எனக்கு பாயசம்” என்பார். சிரித்தால் வலிக்கும், அதனால் மெதுவாகச் சிரிப்பார்கள்.

அந்தச் சமையல்காரர் பிழைக்கவில்லை. இப்போது ஃப்ரிட்ஜில் பாட்டில்களை அடுக்கும்போதெல்லாம், இதில் ஒன்று அன்றைக்கு இருந்திருந்தால் என்று நினைப்பு போகும். அவர் குரல் எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.

சரி, ஏகாம்பரத்திடம் வருகிறேன். (பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

ஒக்கலிபுரத்தில் ஒரு காலை

போன் வந்தது காலை நேரத்தில். உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் தோலை எடுத்தாக வேண்டும். பெங்களூர் டிராபிக்குக்கு இந்த விதியைப் பற்றிக் கவலையில்லை. டெக்னீஷியன் மஞ்சுநாத் சீவும் இயந்திரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிக்னலிலும் கன்னடத்தில் கடவுளைத் திட்டிக்கொண்டே வந்தான்.

ஒக்கலிபுரத்தில் குறுகலான சந்து. ஷாமியானா போட்டு, நாற்காலிகள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஏகாம்பரம் ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் மூட்டை தூக்கியவர். கூட வேலை செய்த ஒருவர் அடுப்பு வெடித்து வெந்து, வார்டில் நாள்கணக்கில் துடித்ததைப் பார்த்துவிட்டு, “நான் போய்ட்டா என் தோல எடுத்துக்கச் சொல்லு” என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாராம். கஸ்தூரியம்மா மறக்காமல் சொல்லியனுப்பிவிட்டார்.

ஆனால் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. உறவுக்காரப் பெண்கள் எண்ணெய், அரப்பு வைத்து, குளிப்பாட்டி, உடம்பு முழுக்க மஞ்சள் பூசி, திருநீறு இட்டு, புது வேட்டி கட்டிவிட்டார்கள். முறைப்படி செய்ய வேண்டியதைத்தான் செய்திருந்தார்கள். எங்களுக்கோ எண்ணெயும் மஞ்சளும் துளி இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்தால் துடைத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஏகாம்பரத்தின் அக்கா கொதித்துப் போனார். “செத்தவன எத்தினி தபா குளிப்பாட்டுவீங்க? இன்னா நியாயம் இது?”

கஸ்தூரியம்மாதான் பதில் சொன்னார். “உயிரோட இருந்தப்ப குளிக்கச் சொன்னா காதுலயே வாங்க மாட்டாரு. இன்னிக்காவது ரெண்டு தபா குளிக்கட்டும், வுடுங்க அண்ணி.”

அழுதுகொண்டிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நாங்கள் கதவைச் சாத்தினோம்.

தொடையிலும் முதுகிலும் எடுத்தோம். மெல்லிய ஏடு மாதிரிதான் வரும், ரத்தம் கொட்டாது, உருவம் கெடாது. நல்ல அகலமான முதுகு. எடுத்து முடித்ததும் பஞ்சு வைத்து, வெள்ளைத் துணியால் இறுக்கமாகக் கட்டி, சட்டை போட்டு, வேட்டியைத் திருத்தி, கதவைத் திறந்தோம்.

கஸ்தூரியம்மா உள்ளே வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். கையைச் சட்டைக்குள் விட்டு முதுகுக்கு அடியில் நுழைத்தார். கை அங்கேயே நின்றது. துணிக் கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் பெட்டியை மூடிக்கொண்டே அதைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மூஞ்சி போட்டோவுல கீது

எடுத்த தோலை உடனே யாருக்கும் வைத்துவிட முடியாது. ரத்தப் பரிசோதனை, கிருமிப் பரிசோதனை, கிளிசரினில் ஊற வைப்பது, மாற்றி ஊற வைப்பது என்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிடும். இதை நான்தான் கஸ்தூரியம்மாவிடம் அன்றைக்குச் சொல்லிவிட்டு வந்தேன். கருமாதி முடிந்த கையோடு அவர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்.

“இன்னும் இங்கதான கீது? யாருக்கும் குடுத்துடலியே?”

“இங்கதாம்மா இருக்கு.”

அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாது. அவர் ஒரு பிளே ஹோமில் ஆயா வேலை பார்த்தார். சனிக்கிழமை அரை நாள். மதியம் சாப்பிட்டுவிட்டு பஸ் பிடித்து வந்து, கொஞ்ச நேரம் கண்ணாடி வழியே பார்ப்பார். பிறகு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். முதல் வாரம் எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டாவது வாரம் டீ வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் சனிக்கிழமை மதியமானால் நானே வராந்தாவை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

“மூட்ட தூக்கிட்டு வருவாரு. வந்ததும் குப்புறப் படுத்துக்குவாரு. நான் தைலம் தேய்ச்சி வுடணும். மேலேந்து கீழ, மேலேந்து கீழ. தேய்ச்சாலும் எங்கிட்ட சண்ட புடிப்பாரு, தேய்க்கலன்னாலும் சண்ட. எரும மாட்டுத் தோலு, எது சொன்னாலும் ஒறைக்காது உனக்குன்னு திட்டிக்கினே தேய்ப்பேன். கல்யாணம் ஆனதுலேந்து இதேதான்.”

கோப்பையைக் கீழே வைத்தார்.

“அவரு மூஞ்சி போட்டோவுல கீது. பூ வச்சி மாட்டியாச்சி. குரலு கூட பேத்தி போனுல கீது. முதுகுக்கு நான் எங்க போவேன் சிஸ்டர்? முதுக யாரு போட்டோ புடிக்கிறாங்க?”

அன்றைக்குச் சட்டைக்குள் போய் நின்ற அந்தக் கை ஞாபகம் வந்தது.

“ஒரே ஒரு தபா தொட்டுப் பாத்துக்கட்டா? சோப்பு போட்டு கைய கழுவிக்கினு வரேன். நீங்க எப்பிடி கழுவச் சொல்றீங்களோ அப்பிடி.”

அவ்வளவுதான் அவர் கேட்டது. குறை சொல்லவில்லை, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவில்லை. வேறு யாருக்கோ போவதற்குள் ஒரு தடவை தொட வேண்டும், அவ்வளவே.

டாக்டர் கிரீஷிடம் போய்ச் சொன்னேன். வங்கிக்குப் பொறுப்பு அவர்தான். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை.

“பாட்டிலத் திறந்தா அது கெட்டுப் போச்சு சிஸ்டர். அப்புறம் யாருக்கும் வெக்க முடியாது. ஒரு துண்டு வெட்டிக் கொடுக்கவும் ரூல் இல்ல. ஏன் மாடோது, சொல்லுங்க?”

என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. வந்து சொன்னேன். கஸ்தூரியம்மா தலையை ஆட்டினார்.

“கெட்டுப் போறதுன்னா வேணாம். அவரு அதுக்கா குடுத்தாரு?”

ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அந்தப் பெரிய பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கதவைச் சாத்துவதற்கு முன்

அதற்குப் பிறகு வீடுகளுக்குப் போகும்போது நாங்கள் ஒரு புது வழக்கம் வைத்துக்கொண்டோம். எந்தப் புத்தகத்திலும் அது கிடையாது. கழுவி, துடைத்து, கதவைச் சாத்துவதற்கு முன்பே வீட்டாரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவோம்: “முதுகுலயும் தொடையிலயும் எடுக்கப் போறோம். அப்புறம் கட்டு போட்டுடுவோம். தொடணும்னா இப்பவே தொட்டுக்குங்க.”

நேரமாகிறது என்று முதலில் முணுமுணுத்தவன் மஞ்சுநாத்தான். இப்போது எனக்கு முன்னால் அவனே சொல்லிவிடுகிறான். “ஒந்து சல முட்பிடிம்மா” என்று கன்னடத்திலும், “ஒரு தடவ தொட்டுக்கோங்க” என்று அவனுடைய தமிழிலும். ஒரு வீட்டில், கம்பெனி வேலையில் இருக்கும் மகன், அதுவரை போனும் கையுமாக ஏற்பாடுகள் செய்துகொண்டிருந்தவன், அப்பாவின் முதுகில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டான். எழுப்ப எங்கள் இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை.

என் வீட்டிலும் ஒன்று நடந்தது. டிவி பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் முதுகில் போகிற போக்கில் கையை வைத்தேன். வைத்த கையை எடுக்கத் தோன்றவில்லை.

“இன்னா, எத்தன பாட்டில் தேறும்னு பாக்கறியா?” என்றார் மனுஷன்.

ஒரு அடி போட்டேன். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

பெட்டி வெளியே வந்த நாள்

அதுவும் ஒரு சனிக்கிழமை மதியம்தான். மேல் மாடி ஆபரேஷன் தியேட்டரிலிருந்து அழைப்பு. வெந்துபோன ஒரு நோயாளி, காய்ச்சல் இறங்கவில்லை, இன்றைக்கே மூடியாக வேண்டும். யார், எந்த ஊர் என்று இங்கேயும் எழுதமாட்டேன். மார்பும் வயிறும் முழுக்க மூட வேண்டும், அகலமான தோல் வேண்டும் என்று டாக்டர் கிரீஷ் கேட்டார். அந்தப் பெரிய பாட்டிலில் இருந்ததெல்லாம் சின்னத் துண்டுகள்; பரிசோதனை எல்லாம் முடிந்து, அகலமாக இருந்தது ஒருவருடையதுதான்.

கீழ்த் தட்டிலிருந்து ஏகாம்பரத்தின் இரண்டு பாட்டில்களையும் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தேன். மஞ்சுநாத் முன்னாலேயே தியேட்டருக்குப் போய்விட்டிருந்தான். பெட்டியோடு வெளியே வந்தேன். பெஞ்சில் கஸ்தூரியம்மா.

கதவைப் பூட்ட வேண்டும். பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது.

“அம்மா, இத கொஞ்சம் மடியில வச்சுக்குங்க. பூட்டணும்.”

அவர் மடியில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அந்தப் பூட்டு லேசாகத் திருகினாலே விழும். அன்றைக்கு நான் சாவியைத் தேடினேன், துடைத்தேன், தப்பான பக்கம் திருப்பினேன். திரும்பிப் பார்த்தால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்துக்கு எதையும் மறைக்கத் தெரியாது, அது என் பிறவிக் கோளாறு.

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் பெட்டியின் மூடிமேல் பதித்தார். அழுத்தி, மேலிருந்து கீழாக ஒரு தடவை தேய்த்தார். கைகள் ஓரத்தில் வந்து நின்றன. கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை, கையை எடுக்க வேண்டுமே.

கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நான் நினைத்தேன். மேலே காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தும் நினைத்தேன். ஆனால் அவரே பெட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டார்.

“யாருக்கோ எரிஞ்சிக்கினு கீது இல்ல? நிக்காதீங்க, எடுத்துக்கினு போங்க.”

பார்வையாளர் நேரம். லிஃப்ட் வாசலில் கும்பல். வராந்தா, படிக்கட்டு எங்கும் பிளாஸ்கும் இளநீருமாக ஜனம். நான் தயங்கி நின்றேன். கஸ்தூரியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

“வழி, வழி, வழி! லோடு வருது, வழி வுடு! தாரி பிடி, தாரி பிடி! யோவ், கால எடு!”

ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் தலையில் மூட்டையோடு வருகிறவர்கள் போடும் சத்தம் அது. ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் அப்படிக் கத்துவதில்லை. ஜனம் சுவரோரம் ஒட்டிக்கொண்டது. செக்யூரிட்டி கூட ஒதுங்கினான். படியேறும்போதும் அவர் குரல் இறங்கவில்லை. அழுதுகொண்டேதான் கத்தினார். தியேட்டர் வாசலில், செருப்பு கழற்றும் சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டார்.

நான் உள்ளே போனேன். கையைக் கழுவி, கவுன் மாட்டி, கையுறை போட்டு, பாட்டிலைத் திறந்தேன். கிளிசரினிலிருந்து வரும்போது தோல் பொரிக்காத அப்பளம் மாதிரி விறைப்பாக, வெள்ளையாக இருக்கும். உப்புத் தண்ணீர்க் கிண்ணங்களில் ஒன்று மாற்றி ஒன்றாக அலச வேண்டும். அலச அலச விறைப்பு போய், கடைசிக் கிண்ணத்தில் துவண்டு, மிருதுவாகி, தோலாகிவிடும். வழக்கமாக இடுக்கியால் எடுத்துத் தட்டில் விரித்துக் கொடுத்துவிடுவேன்.

அன்றைக்குத் தட்டில் விரித்த பிறகு இடுக்கியைக் கீழே வைத்தேன். உள்ளங்கையைப் பரப்பி அதன்மேல் வைத்து, மேலிருந்து கீழாக ஒரு தடவை தடவினேன். கையுறை போட்ட கைதான். அது வேலைக்குத் தேவையும் இல்லை. கஸ்தூரியம்மாவுக்காகத் தொட்டேன்.

“ஆயித்தா சிஸ்டர்?” என்றார் டாக்டர் கிரீஷ், தலை நிமிராமல்.

“ஆயித்து சார்” என்று தட்டை நீட்டினேன்.